கசக்குது என்று சொன்னவர்

சித்தி வீட்டுக்குப் போனால் டீக்கு முன்னால் ஒரு இலை வரும்.

சிறியாநங்கை இலை. மிளகாய் இலை மாதிரி ஒல்லியாக, நுனி கூராக இருக்கும். வாசலில் பெயின்ட் டப்பாவில் நிற்கிற செடியிலிருந்து கிள்ளி, புடவைத் தலைப்பில் ஒரு துடை துடைத்து நீட்டுவாள். வாங்கி மென்றே ஆக வேண்டும். நான், அம்மா, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், ஓட்டு கேட்டு வருகிறவர்கள், யாருக்கும் விலக்கு கிடையாது. மென்று முடிக்கும்வரை நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் கேட்பாள்.

“இன்னா, கசக்குதா?”

கசக்கும். பாகற்காயெல்லாம் இதன் முன்னால் பழம். நாக்கின் அடியில் ஆரம்பித்துக் காது மடல்வரை ஏறுகிற கசப்பு. தலையாட்டினால் போதும், சித்தியின் தோள் தளரும், உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. என் அண்ணன் ஒருதரம் குறும்பாக, இனிக்குது சித்தி, இன்னும் ரெண்டு குடு என்றான். அன்றைக்கு டீ வரவில்லை. அவன் எதிரில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவன் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவன் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை.

வீடு கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பில், தரைத்தளம். மழைக்காலத்தில் ஆறு ஏறினால் அங்கே முதலில் வருவது தண்ணீர் இல்லை. தண்ணீருக்குப் பயந்து ஓடிவருகிற மற்றதெல்லாம். பூரான், எலி, எலியின் பின்னாலேயே பாம்பு. அதனால் பாதி வீட்டு வாசலில் சிறியாநங்கை நிற்கும். அந்த வாடைக்குப் பாம்பு அண்டாது என்பார்கள். அண்டிவிட்டால்? அதற்கும் அதே இலைதான். கடிபட்டவர் வாயில் போட்டு மெல்லச் சொல்வார்கள். கசந்தால் விஷம் ஏறவில்லை, கடித்தது ஏதோ தண்ணிப் பாம்பு, போய்ப் படு. கசப்புத் தெரியாவிட்டால், இல்லை இனித்தால், விஷம் தலைக்கு ஏறிவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடு. சில வீடுகளில் மிளகு, சில வீடுகளில் வேப்பிலை. சங்கதி ஒன்றுதான். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை நாக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்வது.

சித்தப்பாவும் மென்றார்.

அவர் சினிமாவில் லைட்மேன். கோடம்பாக்கத்திலிருந்து வேன் வந்து, விடிவதற்குள் அள்ளிக்கொண்டு போகும். எப்போதும் விளக்குக்குப் பின்னால் நின்றே பழகியவர் என்பதாலோ என்னவோ, யாராவது அவரைப் படம் எடுத்தால் வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கிவிடுவார். ஒரு போட்டோவில்கூட அவர் கண் முழுதாகத் திறந்திருக்காது. என்னை மைக்ராஸ்கோப்பு என்று கூப்பிடுவார். எறும்பு, அப்பளம், பஸ் டிக்கெட் எதுவானாலும் நான் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பேனாம்.

நான் காலேஜில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது வந்த மழை. தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், காலில் ஏதோ சுருக்கென்றது என்று எழுந்தாராம். விளக்கைப் போட்டபோது கதவு இடுக்கில் கறுப்பாக ஒன்று வழுக்கிப் போனது. காலில் ஒன்றுமே இல்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வலியும் இல்லை. சித்தி ஓடிப்போய் இலையைக் கிள்ளி வந்தாள். மென்றார். கசக்குது என்றார். முகத்தை அஷ்டகோணலாக வைத்துக்கொண்டு, போதும்டி, தண்ணி குடு என்றார். அந்த முகத்தைப் பார்த்து, எழுந்து வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தார்கள்.

வேன் வந்து ஹாரன் அடித்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. இமை பாதி இறங்கிக் கிடந்தது. சித்தி உலுக்கினாள். இன்னொரு இலையை உதட்டுக்குள் திணித்து, கசக்குதா, சொல்லு, கசக்குதா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது மேல்மாடி வரைக்கும் கேட்டதாம். பதில் வரவில்லை. அந்த வேனிலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு நின்றிருந்தது. கட்டுவிரியனாக இருக்கும், கடித்த தடம்கூடத் தெரியாது என்று சொன்னார்கள்.

சித்தி செடியைப் பிடுங்கிப் போடுவாள் என்று அம்மா நினைத்தாள். அவள் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த வருஷம் நான் மேல்படிப்பில் சேர்ந்தேன். அப்புறம் அடையாறு பக்கம் ஒரு லேப்பில் ஆராய்ச்சி மாணவி. விஷங்களும் அவற்றின் முறிவுகளும். ஏன் இந்தத் துறை என்று நேர்முகத்தில் கேட்டார்கள். ஆர்வம் என்று சொன்னேன். பொய் இல்லை. எனக்கு எதைத் தொட்டாலும் ஆர்வம்தான், ஆறு மாதத்தில் வடிந்துவிடும். இது மட்டும் வடியவில்லை.

ஆயுர்வேதத்தில் விஷத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அகத தந்திரம் என்று பெயர். அகதம் என்றால் விஷமுறிவு. நூலகத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு, பொடிநடையாகச் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த நாட்களில் தலைக்குள் ஒரே பரபரப்பு. கடிபட்டவனை முதலில் நெய் குடிக்க வைத்து இதயத்துக்கு ஒரு போர்வை போடச் சொல்லியிருக்கிறார்கள். விலங்கின் விஷம் மேல் நோக்கி ஏறும், வேரின் விஷம் கீழ் நோக்கி இறங்கும், அதனால் ஒன்றை ஒன்றால் மறிக்கலாம் என்று ஒரு கருத்து. படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் கிட்டத்தட்ட அதைத்தான் இன்றைக்கும் செய்கிறோம். பூச்சிமருந்து குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற அட்ரோபின், ஊமத்தையின் உறவுக்காரச் செடியிலிருந்து வந்தது. ஊமத்தை விஷம். விஷத்துக்கு எதிரே ஒரு விஷம், அளவு பார்த்து. இதையெல்லாம் மூச்சு விடாமல் சித்தியிடம் சொல்வேன். அவள் தி.நகரில் ஒரு பிளவுஸ் கடைக்குக் கொக்கி கட்டித் தருகிறவள். வீட்டுக்கும் துணிகளைக் கொண்டுவந்துவிடுவாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, நீ படிக்கிற எடத்துல பாம்பு விஷம் வச்சிகினு கீறாங்களாமே என்றாள். வைத்திருக்கிறோம் என்றேன். சின்னச் சீசாவில், பால் பவுடர் மாதிரி.

“என் எலைய எட்த்துகினு போய் அத்தாண்ட கேட்டுப் பாரு.”

என்ன கேட்பது என்று புரியாமல் பார்த்தேன்.

“எலை நெசம் பேசுற எலைன்னா, அவரு எங்கிட்ட பொய் சொல்லிட்டாருன்னு ஆவுது. கசப்பு தெரியாமலே கசக்குதுன்னுட்டாரு. காலைல ஷூட்டிங்கு. எங்க இவ ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிருவாளோன்னு. அவரு நெசம் சொன்னாருன்னா, எலை பொய். ரெண்டுல ஒண்ணு. எதுன்னு தெரிஞ்சா நான் பாட்டுக்குக் கெடப்பேன்.”

ஆக, இத்தனை நாளும் அவள் வருகிற போகிறவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான். கசப்புத் தெரிகிறபோது ஒரு முகம் எப்படிப் போகும், தெரியாதபோது தெரிகிற மாதிரி நடித்தால் எப்படிப் போகும் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் கடைசியாகச் சுளித்த முகத்தை வைத்துக்கொண்டு.

எனக்குப் பதில் தெரியும். கட்டுவிரியன் விஷம் நாக்கின் சுவையைத் தொடுவதில்லை. நரம்பு தசைக்குச் சொல்கிற சேதியைத்தான் அறுக்கும். முதலில் இமை, அப்புறம் பேச்சு, கடைசியில் மூச்சு. கசப்பு கடைசிவரைக்கும் தெரியும். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வருமே. உடம்பு முழுக்கப் பூட்டிக்கொண்ட பிறகும் அந்த ஆளுக்கு நினைவு இருக்கும். காது கேட்கும். பாதி இறங்கிய இமைக்குக் கீழே அவர் விழித்திருந்திருப்பார். புத்தகத்தில் அந்தப் பத்தியை முதன்முதலில் படித்தபோது மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அதற்கப்புறம் பல நாள், தூக்கத்துக்கு நடுவில், சித்தியின் குரல் கேட்கும். கசக்குதா, சொல்லு. நான் வாயைத் திறக்கப் பார்ப்பேன். திறக்காது.

ஒன்றைச் சொன்னால் மற்றதைக் கேட்பாள். அதனால் பேசாமல் இலையை வாங்கிக்கொண்டு போனேன்.

லேப்பில் ஒரு சுலபமான சோதனை உண்டு. முட்டையின் மஞ்சள் கருவைக் கலந்து, ஜெல்லி மாதிரி உறைய வைத்த ஒரு தட்டு. அதில் சின்னக் குழி போட்டு விஷத்தை ஒரு சொட்டு விட்டால், விஷத்தில் இருக்கிற நொதி மஞ்சள் கருவைத் தின்றுகொண்டே போகும். குழியைச் சுற்றி நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி ஒரு வட்டம் விழும். வட்டம் பெரிதென்றால் விஷம் வேலை செய்கிறது. சித்தியின் இலையைக் காயவைத்துச் சாறு எடுத்து, விஷத்தோடு கலந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, அப்புறம் குழியில் விட்டேன். மறுநாள் காலையில் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், வட்டம் சுருங்கியிருந்தது. பாதிக்கும் கீழே.

நடனமாடாத குறை. பக்கத்து மேஜைக்காரன் காதில் போய் ஓதினேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கலந்து வச்சிட்டா வுட்ட? மச்சி, கடிக்கறதுக்கு முன்னாடியே பாம்புக்கு ஜூஸ் குட்த்துட்டியா?”

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் அந்தத் துறையில் பாதிப்பேர் செய்கிற வேலை அதுதான். விஷத்தையும் மூலிகையையும் குழாயில் முதலில் சந்திக்க வைத்துவிட்டு, மூலிகை ஜெயித்தது என்று எழுதுவது. இலையின் துவர்ப்பு விஷத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உடம்பில் பாம்பு காத்திருக்காது. அன்று மாலையே மாற்றிச் செய்தேன். முதலில் விஷம். அது பரவட்டும் என்று விட்டு, பிறகு அதே குழியில் இலைச்சாறு. மறுநாள் வட்டம் முழுசாக, சாறு விடாத குழிக்குப் பக்கத்தில் இரட்டைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. திரும்பவும் செய்தேன். திரும்பவும் அதே.

அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போட மனசு வராமல் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்தேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சளாக, நடுவில் ஓட்டையோடு, என்னைப் பார்க்கும். பாதி மூடின கண் மாதிரி இருக்கும். சித்தி கேட்கும்போதெல்லாம், இன்னும் ரிசல்ட் வரலே என்றேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். ஆறு எதுவரைக்கும் ஏறியிருக்கிறது, போய்ப் பாருடி என்று அம்மா மயிலாப்பூரிலிருந்து துரத்தியதால் போயிருந்தேன். இலை மென்றாயிற்று. டீ கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, மீன் விற்பவள், வாசலில் தண்ணீருக்குத் தடையாகப் போட்டிருந்த மணல் சாக்கைப் புரட்டியிருக்கிறாள். சத்தம் கேட்டு ஓடினோம். படம் எடுத்ததைப் பார்த்தேன் என்று அவள் புருஷன் சொன்னார். நல்ல பாம்பு. வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே, அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் மணிக்கட்டுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டப் போனார். நான் தடுத்தேன். நான் உருகி உருகிப் படித்த நூல்களும் கட்டத்தான் சொல்கின்றன. ஆனால் இறுக்கிக் கட்டினால் விரல் அழுகும், விஷம் நிற்காது. வளையலைக் கழற்றிவிட்டு, சித்தியின் தையல் ஸ்கேலை முழங்கையிலிருந்து விரல்வரை வைத்து, லைனிங் துணியால் கை ஆடாமல் இருக்கிற அளவுக்குச் சுற்றினேன். ஆட்டோ வந்து நின்றது. அப்போதுதான் அந்தப் புருஷன் சித்தி பக்கம் திரும்பினார்.

“அக்கா, ஒரு கை தழ குடு. மென்னு பாக்கட்டும். கசந்தா இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?”

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நான் கத்திப் பார்த்தேன். படித்த பெண்ணின் கத்தலுக்கு அங்கே என்ன மதிப்போ அதுதான் கிடைத்தது. சித்தி செடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குனியவில்லை. எனக்கு அவள் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. பிறகு ஒரு கிளையையே முறித்தாள். முறித்ததைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏறு. வண்டில குடுக்குறேன்.”

நால்வரும் ஏறினோம். நந்தனம் தாண்டுவதற்குள்ளேயே வண்டி ஊர்ந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர், தண்ணீரில் நின்றுபோன பைக்குகள். சித்தி இலையைக் கிள்ளி அந்த அக்கா வாயில் வைத்தாள். அவள் மென்றாள். மழைச் சத்தத்தில் நாங்கள் மூவரும் அவள் வாயைப் பார்த்தோம்.

“கசக்குதுக்கா. அய்ய, கொமட்டுது.”

புருஷனுக்கு முகமே மாறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கசக்குதாம்பா என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, இன்னா, திருப்பவா, இப்ப வுட்டா அப்பால திரும்ப முடியாது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி என் தொடையை அழுத்தினாள். அவள் அந்த அக்காவின் வாயைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடது இமை இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கம் வந்த மாதிரிதான். கடையில் மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கி விட்டிருப்பார்களே, அப்படி.

“கசக்குதா?”

“கசக்குதுக்கா.” குரல் மூக்கால் வந்தது.

“இப்ப?”

“ம். கசக்குது.”

வலது இமையும் இறங்கியது. சித்தி இன்னொரு தரம் கேட்டாள். அந்த அக்கா தலையை ஆட்டினாள், உதடு சரியாகக் கூடவில்லை, எச்சிலோடு இலைத் துணுக்கு வழிந்தது. சித்தி அதைத் தன் தலைப்பால் துடைத்துவிட்டு டிரைவரிடம் சொன்னாள்.

“திருப்பாத. போ.”

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் அவள் முகத்துக்கு மேலே விரலை உயர்த்தி, மேல பாருங்க, மேல பாருங்க என்றார். கண் ஏறவில்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற விஷமுறிவு மருந்து பாட்டிலிலிருந்து ஏறியது. கூடவே இரண்டு ஊசி. ஒன்று அட்ரோபின், அதன் ஊரை நான் சொல்லிவிட்டேன். மற்றது நியோஸ்டிக்மின். அதற்கும் பூர்வீகம் ஒரு செடிதான். எங்கேயோ ஆப்பிரிக்காவில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க ஊட்டின ஒரு விஷக்கொட்டை. அதைத் தின்று பிழைத்தவன் நிரபராதி, செத்தவன் பொய்யன். அங்கேயும் வாயில் போட்டுத்தான் உண்மையைக் கேட்டிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் இமை தூக்கியது. மெதுவாக, மயிரிழை மயிரிழையாக, கருவிழி முழுக்கத் தெரிகிறவரை. டாக்டர் திரும்பவும் மேல பாருங்க என்றார். அவள் பார்த்தாள். சித்தி என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது.

வெளியே வராந்தாவில், நனைந்த புடவையோடு தரையில் உட்கார்ந்து, அவரு பொய் சொல்லலே என்றாள். ஆமா சித்தி என்றேன். எலைதான் பொய்யா என்றாள். அப்போது சொல்லிவிட்டேன். முட்டைத் தட்டு, சுருங்கின வட்டம், சுருங்காத வட்டம். முன்னாலேயே கலந்தால் பிடிக்கும், விஷம் உள்ளே போன பிறகு கொடுத்தால் பிடிக்காது.

“அப்ப பாம்புக்குத்தான் மொதல்ல மெல்லக் குடுக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. லேப்பில் அதே வார்த்தைக்கு நான் சிரித்தது ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம், சரி, முடிந்தது, இனி இவள் தூங்குவாள் என்று நினைத்தேன். அவருக்கு நினைவு இருந்ததா என்ற இரண்டாவது விஷயம் கேட்காமலே போய்விட்டது என்று ஒரு அற்ப நிம்மதி.

சாயங்காலம் அந்த அக்காவுக்கு மூச்சு தளர்ந்தது. குழாய் போட்டு மிஷினில் வைத்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இமை மறுபடியும் இறங்கியிருந்தது, அசைவே இல்லை. அவள் புருஷன் உடைந்து போய்ச் சுவரில் சாய்ந்தார். நர்ஸ் வெளியே வந்து, அழாதீங்க, உள்ள வந்து கிட்ட நின்னு பேசுங்க, அவங்களுக்கு எல்லாம் கேக்கும், பதில்தான் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சித்தியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா பிழைத்துவிட்டாள். கட்டை விரல் பக்கம் தோல் கறுத்து உரிந்தது, அதோடு போனது. வீடு திரும்பிய வாரமே மறுபடி அந்தத் தெருவில் அவள் வாய்தான். நான் போயிருந்த அன்று அந்த அக்கா சித்தி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, ஆட்டோவில் நடந்ததை எனக்கே நடித்துக் காட்டினாள். அப்புறம் சித்தியின் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

“மிஷின்ல வச்சப்பறம் நீ வந்து காதாண்ட கேட்டியே, ஞாபகம் கீதா? கசக்குதா, கசக்குதான்னு. நான் சொல்லிக்கினே இருந்தேன்க்கா, கசக்குது, கசக்குதுன்னு. உனக்குத்தான் கேக்கல.”

சித்தி உள்ளே போயிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல், நர்ஸ் சொன்னதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய், அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

அந்த அக்கா போன பிறகு சித்தி எழுந்து அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் வைக்கிற சத்தம். பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, அணைக்கிற சத்தம் வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான்தான் அணைத்தேன்.

“அவரும் சொல்லிகினே இருந்திருப்பாரு,” என்றாள்.

பொய் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. வேற பாம்பு சித்தி, அது வேற மாதிரி என்று எதையாவது. அவள் கண் என் வாயில் இருந்தது. எத்தனையோ பேர் வாயைப் பார்த்துப் பழகின கண்.

“ஆமா சித்தி.”

“எதுவரைக்கும்?”

“தெரியல.”

அவள் தலையை ஆட்டினாள். அடுப்பைச் சுற்றி வழிந்த பாலைத் துணியால் ஒற்றி எடுத்தாள். மிச்சமிருந்த பாலில் டீ போட்டாள். நாங்கள் குடித்தோம். நான் என்னென்னவோ பேசினேன், லேப், பஸ், அண்ணன் கல்யாணம். நடுவில் ஒருதரம், ரொம்பச் சாதாரணமாக, நான் கேட்டதாச்சும் அவருக்குக் கேட்டுது, இல்ல, என்றாள். அது கேள்வி மாதிரி இல்லை.

இப்போது லேப்பில் நான் விஷத்தை முதலில் விட்டுவிட்டுத்தான் மூலிகையைத் தேடுகிறேன். பல செடிகள் தோற்கின்றன. ஒன்றிரண்டு கொஞ்சம் தாக்குப்பிடிக்கின்றன. என்றாவது ஒன்று, நிஜமான ஒன்று, அகப்படும் என்ற ஆசை இன்னும் வடியவில்லை. பழைய தட்டுகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டேன். கனவு மட்டும் வருகிறது. அதில் இப்போது குரல் இரண்டு. ஒன்று கேட்கிறது, ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சித்தி வீட்டு வாசலில் செடி பூத்து, காய்த்து, பெயின்ட் டப்பாவைச் சுற்றிக் குட்டிச் செடிகள் முளைத்துவிட்டன. யாராவது கேட்டால் பிடுங்கித் தருகிறாள். சுரத்துக்கு நல்லது, பாம்புக்கு இல்லை என்று சொல்லித்தான் தருகிறாள். வருகிறவர்களுக்கு இலை நீட்டுவதில்லை. கசக்குதா என்று கேட்பதும் இல்லை.

ஆனால் டீ உடனே வந்துவிடாது. உட்கார்ந்ததும் எதிரில் வந்து நிற்பாள். நம் முகத்துக்கு மேலே விரலைத் தூக்கி, “மேல பாரு” என்பாள். கேஸ் சிலிண்டர்காரரும் பார்க்க வேண்டும், ஓட்டு கேட்டு வருகிறவர்களும் பார்க்க வேண்டும். போன வாரம் நானும் பார்த்தேன். அவள் விரலுக்குப் பின்னால், கதவு நிலைக்கு மேலே, சித்தப்பாவின் படம். ஸ்டூடியோக்காரர் கண்ணைத் திறந்த மாதிரி மாற்றித் தருகிறேன் என்றபோது சித்தி வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். இமை பாதி இறங்கி, வெளிச்சம் கூசுகிற முகத்தோடு, ஏதோ சொல்ல வாயெடுக்கிற மாதிரி இருந்தார்.

“சரி,” என்று சொல்லிவிட்டுச் சித்தி டீ போடப் போனாள்.